பேட்டரி கேட்டு வந்த உறவு

பேட்டரி களவு போயிருந்தால்கூட எனக்கு இவ்வளவு ஆத்திரம் வந்திருக்காது. களவு என்றால் திட்டுவதற்கு ஒரு திருடனாவது இருப்பான். இதை நானே என் இரண்டு கையாலும் தூக்கிக் கொடுத்தேன்.

பத்தொன்பது வருடமாக எங்கள் தீவின் ரேடியோ அறை என் பொறுப்பில் இருக்கிறது. காலை எட்டு மணிக்கும் பிற்பகல் இரண்டு மணிக்கும் தலைநகர் தராவாவைக் கூப்பிட்டுப் பேச வேண்டும். யார் செத்தார்கள், யார் வயிற்றில் குழந்தை குறுக்கே கிடக்கிறது, எத்தனை மூட்டை கொப்பரை கப்பலுக்குக் காத்துக் கிடக்கிறது, அந்தக் கப்பல் எங்கே தொலைந்தது, எல்லாம் என் வாய் வழியாகப் போய் என் காது வழியாக வர வேண்டும். கூரை மேல் ஒரு சோலார் தகடு, மேசைக்கு அடியில் ஒரு பேட்டரி. செல்போன் கோபுரம் இதோ வருகிறது, அதோ வருகிறது என்று மூன்று தேர்தலாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

சர்ச் பாட்டுப் போட்டிக்கு முந்தின வெள்ளிக்கிழமை பிரிபோ வந்தார். ஊர்ப் பெரியவர்களில் மூத்தவர், எனக்கு மாமன் முறை. வந்தவர் நேராக விஷயத்துக்கு வரவில்லை. நான் கொடுத்த கள்ளைப் புகழ்ந்தார், செத்துப்போன என் அம்மாவைப் புகழ்ந்தார். ஏதோ கேட்க வந்திருக்கிறார் என்று அப்போதே தெரிந்துவிட்டது. கடைசியில், ஒலிபெருக்கிக்குப் பேட்டரி வேண்டும், இதைப் புபுசியாகக் கேட்கிறேன் என்றார்.

உறவைச் சொல்லி, புபுசி என்று ஒருவர் வாய்விட்டுக் கேட்டுவிட்டால் எங்களில் யாரும் இல்லை என்று சொல்வதில்லை. கட்டியிருக்கும் துணியைக் கேட்டாலும் அவிழ்த்துக் கொடுத்துவிட்டுத் தாழம்பாயைச் சுற்றிக்கொண்டு வீடு போக வேண்டியதுதான். இல்லை என்று சொன்னவளின் பெயர் அவள் பிள்ளைகள் காலம் வரைக்கும் நாறும். இது அரசாங்கத்துப் பேட்டரி என்ற சொல் என் நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டேன். திங்கட்கிழமை எட்டு மணிக்குள் திரும்பி வர வேண்டும் என்று மட்டும் சொன்னேன். அதற்கென்ன என்றார்.

திங்கட்கிழமை வரவில்லை. பிரிபோவிடம் போனால், மருமகன் கேட்டான், கொடுத்துவிட்டேன் என்றார். மருமகனிடம் போனால், மச்சான் கேட்டான் என்றான். மச்சான் ஒரு வாரம் வீட்டில் சினிமா ஓட்டிவிட்டுத் தெற்குக் கிராமத்தில் பெண்டாட்டி வழி உறவுக்குக் கொடுத்திருந்தான். சைக்கிளை மிதித்துக்கொண்டு வீடு வீடாகப் போனேன். எல்லா வீட்டிலும் பாய் விரித்து உட்கார வைத்தார்கள், சாப்பிடச் சொன்னார்கள், சிரித்த முகமாக அடுத்த வீட்டைக் கை காட்டினார்கள். கடைசி வீட்டில் பேட்டரி கிடைத்தது. ஒரு பொட்டு உயிர் அதில் இல்லை. அதன் மேல் உட்கார்ந்து ஒருத்தி தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

புதுப் பேட்டரி கப்பலில்தான் வர வேண்டும். கப்பலில் ஏற்றிவிடச் சொல்ல ரேடியோ வேண்டும். ரேடியோ செத்துவிட்டது என்று சொல்வதற்கும் அந்த ரேடியோவேதான் வேண்டும். காலை எட்டு மணிக்கு வழக்கம்போல அந்த ஊமைப் பெட்டி முன்னால் போய் உட்கார்ந்து என் தலையில் நானே அடித்துக்கொண்டேன்.

இருபது நாள் கழித்து, சூரை பிடிக்கப் போன என் தம்பி தெபானோ திரும்பவில்லை.

பாறைத்திட்டுக்கு வெளியே, தீவு கண்ணில் தெரியும் தூரத்தில்தான் அவன் மீன் பிடிப்பான். விடியலில் போனால் மதியச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவான். எஞ்சின் நின்றிருக்க வேண்டும். எஞ்சின் நின்றால் நீரோட்டம் மேற்கே இழுத்துக்கொண்டு போகும். மேற்கே எங்களுக்கு அக்கம்பக்கம் என்று ஒன்றும் கிடையாது, வாரக்கணக்கில் தண்ணீர்தான். ஊரில் ஓடுகிற நிலையில் இருந்த இரண்டு படகும் தேடப் போயின. கப்பல் வராததால் பெட்ரோல் இல்லை. தீவு கண்ணில் மறைகிற இடம் வரை போய்த் திரும்பி வந்தார்கள். தம்பி பெண்டாட்டி ஏழு மாதக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கரையில் நின்றாள். ரேடியோ அறை இருக்கும் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள், அவ்வளவுதான்.

ரேடியோ இருந்திருந்தால் அன்றைக்கு இரண்டு மணிக்கே சொல்லியிருப்பேன். விமானத்துக்கு எழுத வேண்டிய கடிதத்தை அன்றைக்கே எழுதியிருப்பார்கள். ஊர் முழுக்க வந்து, கடவுள் பார்த்துக்கொள்வார் என்று ஆறுதல் சொன்னது. கடவுளிடம் இருக்கும் பேட்டரியையாவது யாரும் கேட்காமல் விட்டுவைத்தீர்களா என்று கேட்டேன். அதற்குப் பிறகு ஆறுதல் சொல்ல யாரும் வரவில்லை.

நான்காம் நாள் காலையில் கப்பல் வந்து வெளியே நங்கூரம் போட்டது. முதல் படகிலேயே தொற்றிக்கொண்டு போய் ஏறினேன். கேப்டன் கபிரி வேற்றுத் தீவுக்காரர், ஆனால் கடல் தெரிந்த மனிதர். உடனே கப்பல் ரேடியோவில் தராவாவைப் பிடித்தார். ரோந்துக் கப்பல் பழுது. வெளிநாட்டு விமானத்துக்குக் கடிதம் எழுத வேண்டும், அடுத்த வாரம் வரலாம். கேப்டன் வரைபடத்தை விரித்து, காற்றையும் நீரோட்டத்தையும் கணக்குப் போட்டு ஒரு இடத்தில் விரலை வைத்தார். இரண்டு நாள் கிடைத்தால் தேடிப் பார்த்துவிடலாம் என்றார். ஆனால் இந்தப் பயணத்தில் கப்பல் எங்கே போக வேண்டும் என்று சொல்வது அவர் இல்லை, மேல்தளத்தில் உட்கார்ந்திருக்கும் அதிகாரி என்றார்.

அதிகாரி என்றால் யார்? உரியாம். என் தாத்தாவின் தம்பி பேரன். ஏழு வயதில் இந்தத் தீவை விட்டுப் போனவன். நம் நாட்டைப் பற்றி, வெளிநாட்டுக்காரர்கள் படிப்பதற்காக ஒரு புத்தகம் போடுகிறார்களாம்; அதற்காக ஐந்து தீவு சுற்றுகிறான். நான் சொன்னதை எல்லாம் தலையாட்டிக் கேட்டான், உச்சுக் கொட்டினான். ஏற்கெனவே ஒரு மாதம் தாமதமாகிவிட்டது, கப்பலைத் திருப்ப வழியில்லை என்றான். அதோடு விட்டிருந்தாலும் பொறுத்திருப்பேன். ரேடியோக்காரி நேரில் கிடைத்தது நல்லதாகப் போயிற்று என்று காகிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு கேள்வி கேட்க ஆரம்பித்தான்.

பொருளாதாரம் என்றான். கொப்பரை, மீன் என்றேன். நிலப்பரப்பு என்றான். நீளம் பதினோரு கிலோமீட்டர், மேடான இடத்தில் நின்றால் கடலை விட மூன்று ஆள் உயரம் என்றேன். தம்பி கடலில் காய்ந்துகொண்டிருக்கிறான், நான் இவனுக்குத் தீவை அளந்து கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

“தொலைத்தொடர்பு?”

“இல்ல.”

“ரேடியோ நிலையம் உண்டுன்னு பழைய புத்தகத்துல போட்டிருக்கே, அக்கா.”

“நிலையம் இருக்கு. நானும் இருக்கேன். கரையில நின்னு கத்தினா தராவாவுக்குக் கேக்குமான்னு நீ கேட்டு எழுதிக்க.”

அவன் ‘உண்டு’ என்று எழுதினான். என் கண் முன்னாலேயே எழுதினான்.

மத்தியானம் அவனுக்கு மனேயாபாவில் வரவேற்பு. எங்கள் ஊர் மண்டபத்தில் யாரும் கண்ட இடத்தில் உட்கார முடியாது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு தூணடி. எத்தனை வருடம் கழித்து வந்தாலும், எவ்வளவு பெரிய அதிகாரியாக வந்தாலும், உரியாமின் இடம் எங்கள் தூணடிதான். மாலை போட்டார்கள். சேம்பும் பன்றியும் அவன் முன்னால் குவிந்தன. பிரிபோ எழுந்து வரவேற்புச் சொன்னார். நம் தீவுக்கு இது நல்ல நாள் என்றார். அந்தச் சொல்லைக் கேட்டதும் என் உடம்பு முழுக்கப் பற்றி எரிந்தது.

மனேயாபாவில் பெண் பேசுவதில்லை. பேச வேண்டியதை வீட்டு ஆணிடம் சொல்லி அனுப்ப வேண்டும். என் வீட்டு ஆண் கடலில் கிடந்தான். நான் எழுந்தேன். பெரியவர்களுக்கு முன்னால் குனிந்து போக வேண்டும், குனியவில்லை. நடுமண்டபம் வழியாக நிமிர்ந்து நடந்து போய் உரியாம் முன்னால், அவன் சாப்பாட்டுக்கு எதிரில் உட்கார்ந்தேன்.

“தம்பி, நம்ம தாத்தாங்க ரெண்டு பேரும் ஒரே வயித்துல பொறந்தவங்க. அந்த உறவச் சொல்லிக் கேக்குறேன். புபுசி. உன் கப்பல் எனக்கு ரெண்டு நாளைக்கு வேணும்.”

அவன் லேசாகச் சிரித்துச் சுற்றிலும் பார்த்தான். கூடச் சிரிக்க ஒருவரும் இல்லை.

“அக்கா, கப்பல் என்னோடது இல்லையே. அரசாங்கத்தோடது.”

“பேட்டரியும் அரசாங்கத்தோடதுதான். உறவச் சொல்லிக் கேட்டாங்க, குடுத்தேன். இங்க உக்காந்திருக்கிற எத்தனையோ வீட்டுக்கு அது விருந்தாடிட்டு வந்துச்சு. அன்னைக்கு ஒருத்தர் வாயிலயும் அரசாங்கம்ங்கிற பேச்சே வரல. எனக்குக் குடுக்கிறப்ப மட்டும் அரசாங்கம் வந்து குறுக்க நிக்குமா?”

இலையில் ஈ மொய்த்தது. யாரும் விரட்டவில்லை. தெற்குக் கிராமத்துத் தூணடியில் இருந்தவர்கள் பாயைப் பார்த்தார்கள். பேட்டரி மேல் உட்கார்ந்து தேங்காய் துருவியவளும் அங்கேதான் இருந்தாள். அவர்களில் யாராவது ஒருவர் மறுத்து வாயைத் திறந்திருந்தால் அன்றைக்கு நான் அடித்திருப்பேன் என்றே நினைக்கிறேன்.

பிரிபோ இருந்த இடத்திலிருந்தே பேசினார். குரல் எழும்பவில்லை.

“மொதல்ல கேட்டவன் நான்தான். அந்தப் பழி என்னோடது.” பிறகு உரியாமைப் பார்த்தார். “அவ கேட்டுட்டா, பிள்ள. இனி இதுல உன் இஷ்டம்னு எதுவும் இல்ல.”

உரியாம் மாலையில் இருந்த பூவை ஒவ்வொன்றாகப் பிய்த்தான். தராவாவில் எத்தனை மேசைக்குப் பதில் சொல்ல வேண்டுமோ, அதை யோசித்திருப்பான். கூடவே, இந்தத் தூணடியில் அவன் பிள்ளை ஒரு நாள் வந்து உட்கார வேண்டும் என்பதையும் யோசித்திருப்பான்.

“ரெண்டு நாள்தான்,” என்றான்.

கொப்பரை ஒரு மூட்டைகூட ஏற்றாமல் கப்பல் மேற்கே போனது. மறுநாள் பகலில், கேப்டன் விரல் வைத்த இடத்துக்கும் இன்னும் அப்பால், படகைக் கண்டுபிடித்தார்கள். தெபானோ மழைத் தண்ணீரையும் பச்சை மீனையும் வைத்து உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தான். உதடு வெடித்து, தோல் உரிந்து கிடந்தவன், கரைக்குத் தூக்கிக்கொண்டு வரும்போது என் கையைப் பிடித்து ஏதோ சொல்லப் பார்த்தான். பேசாதே என்றேன். சந்தோஷம் இல்லாமல் இல்லை. ஆனால் அந்தச் சந்தோஷத்துக்குள்ளும் கோபம்தான் கொதித்தது. ஒரு பேட்டரி இருந்த இடத்தில் இருந்திருந்தால் இத்தனையும் எதற்கு?

கேப்டன் கபிரி கப்பலில் உபரியாக இருந்த பேட்டரி ஒன்றை இறக்கிக் கொடுத்துவிட்டுப் போனார். அன்று பிற்பகல் இரண்டு மணிக்கு என் குரல் தராவாவுக்குப் போனது. இவ்வளவு நாள் எங்கே போயிருந்தீர்கள் என்று அங்கே இருந்தவன் கேட்டான்.

ஐந்து மாதம் போனது. தெபானோவின் குழந்தைக்கு முதல் பிறந்த நாள் வந்தது. எங்களுக்குக் கல்யாணத்தை விடப் பெரிய விருந்து அது. விருந்துக்கு முந்தின நாள் காலை, ரேடியோ பேசி முடித்த நேரத்துக்கு, தெபானோ ஒரு பெரிய சூரையோடு வந்தான். மேசை முன்னால் உட்கார்ந்தான். என் கள்ளைப் புகழ்ந்தான். எனக்குத் தெரிந்துவிட்டது.

பாட்டுப் பெட்டிக்கு வேண்டுமாம். மூன்று மணி நேரம் போதுமாம். தானே தூக்கிக்கொண்டு போய்த் தானே தூக்கிக்கொண்டு வருவானாம்.

“புபுசியாக் கேக்குறேன், அக்கா.”

வேறு எவன் கேட்டிருந்தாலும் எனக்கு இப்படி ஆகியிருக்காது. வாயில் வந்த வசவு எதுவும் போதவில்லை. நீ எப்படிடா கேட்பாய் என்று கேட்டேன். ஐந்து நாள் நடுக்கடலில் கிடந்தது எதனால் என்று உனக்குத் தெரியாதா என்று கேட்டேன். தெரியும் என்றான். அதற்காக உறவு இல்லாமல் போய்விடுமா என்றான். அவன் முகத்தில் ஒரு துளி கள்ளம் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

“நீ கப்பலையே கேட்டு வாங்கினவ, அக்கா. நான் கேக்குறது பேட்டரிதானே.”

ஊரே தலைகுனியும்படி நடுமண்டபத்தில் உட்கார்ந்து அந்த ஒரு சொல்லை வைத்துத்தான் அவன் உயிரை வாங்கினேன். இப்போது அதே சொல்லைச் சொல்லி என்னிடமே கேட்கிறான். நான் நாற்காலியை இழுத்துப் போட்டு, மேசைக்கு அடியில் காலை நீட்டி, பேட்டரி மேல் இரண்டு பாதத்தையும் வைத்தேன்.

“தர மாட்டேன்.”

அவனுக்குப் புரியவில்லை. வேறு யாரோ பேசியதுபோல அறையைச் சுற்றிப் பார்த்தான். பிறகு எழுந்தான். மீனை எடுத்துக்கொண்டு போகவில்லை. கொடுத்ததைத் திருப்பி எடுக்கிற வழக்கம் அவனுக்கு இல்லை.

விருந்துக்கு யாரும் என்னைக் கூப்பிடவில்லை. பாட்டுப் பெட்டி இல்லாமல் வாயாலேயே பாடினார்கள். ரேடியோ அறை வரைக்கும் கேட்டது. கூடப்பிறந்தவனுக்கே இல்லை என்று சொன்னவள் என்ற பெயர் தெற்குக் கிராமம் வரை போய்விட்டது. பேட்டரி கேட்டு இப்போது யாரும் வருவதில்லை. வேறு எதைக் கேட்டும் வருவதில்லை. உரியாமின் புத்தகம் போன கப்பலில் வந்தது. எங்கள் தீவுக்கு எதிரில், தொலைத்தொடர்பு: உண்டு என்று அச்சில் போட்டிருக்கிறது.

தெபானோ இன்னும் சூரைக்குத்தான் போகிறான். படகைத் தள்ளும்போது ரேடியோ அறையைத் தாண்டித்தான் போக வேண்டும். முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறான். நான் எட்டு மணிக்குத் தராவாவைக் கூப்பிட்டு, தெபானோ படகு கிளம்பிவிட்டது என்று சொல்கிறேன். இரண்டு மணிக்கு மறுபடி கூப்பிட்டு, வந்துவிட்டது என்கிறேன்.