மாடி வீட்டுச் செடிகளும் கீழ்வீட்டு வார்னிஷும்

எங்கள் வீட்டுக்குள் இப்போதெல்லாம் பக்கவாட்டில்தான் நடக்க முடிகிறது. நேராக நடந்தால் ஏதாவது ஒரு செடி முகத்தில் அறையும். கூடத்தில் மணி பிளான்ட், சமையலறை மேடையில் கற்றாழை, மகள் படுக்கும் அறையில் கத்தி மாதிரி இலை நீட்டிக்கொண்டு வரிசையாகத் தொட்டிகள். எல்லாம் என் வீட்டுக்காரரின் கைங்கரியம்.

"இதெல்லாம் காத்துல இருக்கிற விஷத்தை இழுத்துக்குமாம்" என்று போனில் படித்ததை எனக்கும் படித்துக் காட்டினார்.

விஷம் எங்கிருந்து வருகிறது என்று தெருவுக்கே தெரியும். கீழ்த்தளத்தில் இவருடைய அண்ணனின் மரச்சாமான் பட்டறை. கட்டிலுக்கும் மேசைக்கும் அடிக்கிற வார்னிஷ் வாடை படியேறி வந்து எங்கள் வீட்டில் சட்டமாக உட்கார்ந்துகொள்ளும். மகளுக்கு இழுப்பு. வாடை ஏறினால் போதும், நெஞ்சு கீச்கீச்சென்று கத்தும். அண்ணனிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்திப் பார்த்துவிட்டேன். ஊர் உலகத்திடம் வாய் கிழியப் பேசுகிற மனிதர், அண்ணனைக் கண்டால் மட்டும் ஊமை.

அதனால்தான் செடிகள். செடி சுத்தம் செய்த காற்று வெளியே போய்விடக் கூடாதாம், ஜன்னலையும் இறுக்கிச் சாத்திவிட்டார். மூடிய அறையில் தினமும் தண்ணீர் ஊற்றினால் என்ன ஆகும்? தொட்டிகளுக்குப் பின்னால் சுவர் கறுத்துப் பூசணம் பிடித்தது. இழுப்பு இன்னும் கூடியது.

"செடிய அழகுக்கு வெச்சுக்குங்க. வார்னிஷ் வாடைக்கு இதெல்லாம் எந்த மூலைக்கு?" என்றார் டாக்டரம்மா. "ஜன்னலைத் திறங்க. வாடை கிளம்புற இடத்துலயே அதை நிறுத்தப் பாருங்க."

அன்று சாயங்காலம் வீட்டுக்காரரைப் பிடித்து உலுக்கிவிட்டேன். சட்டையை மாற்றிக்கொண்டு கீழே போனார். அப்பாடா, வழி பிறந்தது என்று நானும் படியோரம் காத்து நின்றேன். தோளில் ஒரு மர அடுக்கோடு திரும்பி வந்தார்.

"செடி வைக்கிறதுக்கு அண்ணனே குடுத்தாரு. இப்பதான் புதுசா வார்னிஷ் அடிச்சது, பாத்துத் தொடு" என்று அதை மகளின் அறைக்குள் கொண்டுபோனார்.

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. "சொன்னீங்களா, இல்லையா?"

"பேச்சு எடுத்தேன்... அதுக்குள்ள இதைக் குடுத்துட்டாரு. எப்படிச் சொல்றது?"

அடுக்கை வெளியே தள்ளிவிட்டு நானே கீழே போனேன். இவருடைய அண்ணன், எனக்குப் பெரியத்தான், பிரஷை வைத்துவிட்டு முழுவதும் கேட்டார். கோபிக்கவில்லை.

"பாப்பாவுக்கு இழுப்பா? அவன்கிட்ட கேட்டப்பல்லாம் நல்லா இருக்கான்னுதானேம்மா சொன்னான்? நாளைக்கே இந்த வேலைய பின்னாடி கொட்டகைக்கு மாத்திடறேன். இதை அப்பவே சொன்னா என்ன?"

அவ்வளவுதான் விஷயம். இந்த ஒரு பேச்சுக்காகவா என் பிள்ளை இத்தனை மாதம் மூச்சுக்குத் தவித்தாள்?

மேலே வந்தால், இவர் இலைகளுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். "அண்ணன் கோவிச்சுக்கிட்டாரா?" என்பதுதான் முதல் கேள்வி.

அவரைத் தாண்டி மகளின் அறைக்குப் போய் ஜன்னலைத் திறந்தேன். கட்டிலில் அவள் தலையணையை வாயில் அழுத்திக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தாள். பிடுங்கினேன். அடக்கி வைத்திருந்த இருமல் அத்தனையும் வெடித்து வந்தது.

"ஏண்டி, கூப்பிட வேண்டியதுதானே?"

மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள்: "அப்பா ஆசை ஆசையா செடி வாங்கியிருக்காரும்மா. நான் இருமினா அவருக்குக் கஷ்டமா இருக்கும். எப்படிச் சொல்றது?"

அறை வாசலில் இவர் நின்றிருந்தார். எல்லாம் காதில் விழுந்திருக்கும். அப்போதும் பக்கத்துத் தொட்டிக்குத்தான் தண்ணீர் தெளித்தார்.