சீசாவின் மறுமுனை

"சீசாவுல நம்ம ஜோதிகாவுக்கு எதிர்ல யாரு ஒக்காருவாங்க?"

காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டே துர்கா கேட்டுவிட்டாள். கூடத்திலிருந்த பூங்காக் கமிட்டி மொத்தமும் அவளைத் திரும்பிப் பார்த்தது. கமிட்டித் தலைவரும் அவள் கணவருமான ஆதிகேசவன் பல்லைக் கடித்தார்.

"நீ உள்ள போ."

துர்கா போகவில்லை. கேட்டது நியாயம்தானே! சின்ன காஞ்சிபுரத்தின் கோடியில், இவர்கள் தெருவுக்கும் காலனிக்கும் நடுவில் வருகிறது குழந்தைகள் பூங்கா. வசூலுக்கு இரண்டு பக்கமும் போனார்கள். காலனி வசூலை வெல்டர் டேனியல் கொண்டுவந்தபோது, பொருளாளர் வீராசாமி வாயெல்லாம் பல்லாக வாங்கிக்கொண்டார். பிறகுதான் தீர்மானம் போட்டார்கள். காலையில் தெருப் பிள்ளைகள், மாலையில் காலனிப் பிள்ளைகள்.

"சாதியெல்லாம் இந்தக் காலத்துல யாருபா பாக்குறாங்க? இது டைமிங், அவ்ளோதான்," என்றார் வீராசாமி. வசூலுக்கு மட்டும் டைமிங் கிடையாது போலிருக்கிறது.

ஊஞ்சலுக்கும் சறுக்குமரத்துக்கும் இந்த ஏற்பாடு சரிப்பட்டது. சீசாவுக்கு இரண்டு பேர் வேண்டும். தெருவில் மற்ற பிள்ளைகளெல்லாம் வளர்ந்து சென்னைக்கும் பெங்களூருக்கும் போய்விட்டார்கள். மிச்சமிருப்பது துர்காவின் மகள் ஜோதிகா மட்டும். பொம்மைக்குச் சோறூட்டி, பொம்மையோடு சண்டை போட்டு, பொம்மையிடமே மன்னிப்பும் கேட்டுக்கொள்ளும் பெண். அதைப் பார்க்கும்போதெல்லாம் துர்காவுக்கு அழுகை வரும்.

கமிட்டி தீவிரமாக யோசித்தது. மறுமுனையில் ஜோதிகாவின் எடைக்கு ஒரு மணல் மூட்டையைக் கட்டிவிடுவதென்று ஏகமனதாக முடிவானது. மூட்டையைத் தூக்கி வரப்போவது காலனி ஆள்தானே என்று ஒருவர் சந்தேகம் கிளப்பினார். மஞ்சள் தண்ணீர் தெளித்துவிடலாம் என்று அதற்கும் வழி கண்டுபிடித்தார்கள்.

திறப்பு விழாவுக்கு மைக்செட், மாலை, கேசரி எல்லாம் அமர்க்களப்பட்டன. காலனிக்காரர்கள் வேலிக்கு வெளியே நின்று பார்த்தார்கள். ரிப்பன் வெட்டியதும் ஜோதிகாவை சீசாவில் ஏற்றினார்கள். எல்லாரும் கை தட்டினார்கள். பலகை நடுவாந்தரத்தில் அசையாமல் நின்றது.

"அம்மா, இது வெளாடவே மாட்டேங்குது," என்றாள் ஜோதிகா, உதடு பிதுங்க.

துர்காவுக்குப் பொறுக்கவில்லை. ரிப்பன் வெட்டிய கத்தரிக்கோலை எடுத்துப் போய், ஒரு கையால் பலகையைப் பிடித்துக்கொண்டு மூட்டையின் கயிற்றை வெட்டினாள். மூட்டை விழுந்தது. ஜோதிகாவின் பக்கத்தை மெல்லத் தரையில் இறக்கிவிட்டு, வேலிப் பக்கம் திரும்பினாள்.

"சுகாசினி, நீ வாம்மா. வந்து ஏறு."

டேனியலின் மகள் வேலிக்கு அடியில் புகுந்து ஓடிவந்தாள். உயர்ந்திருந்த முனையை இழுத்து ஏறி உட்கார்ந்தாள். ஜோதிகா விர்ரென்று மேலே போனாள். மகள் அப்படிச் சிரித்து துர்கா கேட்டதே இல்லை.

"ஏய், எறங்கு கீழ!" ஆதிகேசவன் கத்தினார்.

"நான் எறங்கிட்டா உங்க பாப்பா பொத்துனு வுழுந்துடுவாளே, அங்கிள்," என்றாள் சுகாசினி.

அவர் மகளைத் தூக்கப் போனார். ஜோதிகா கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஊரே கேட்க வீறிட்டாள். அவர் பின்வாங்கினார்.

"அந்தப் பொண்ணப் புடிச்சி எறக்குபா," என்றார் வீராசாமியிடம்.

"நானா? கோயிலுக்குப் போவணும்பா எனக்கு. நான் எப்பிடித் தொடுறது? நீங்களே தொடுங்க."

ஆதிகேசவன் அடுத்தவரைப் பார்த்தார். அவர் அதற்கடுத்தவரைப் பார்த்தார். கடைசியில் கமிட்டி முழுவதும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு சுற்றி நின்றது. பிள்ளைகள் பாட்டுக்கு மேலும் கீழுமாக ஆடிக்கொண்டிருந்தார்கள்.