இனி யாரும் மேலே வரக் கூடாது

கூட்டத்துக்கு வந்தவர்கள்: குடியிருப்புச் சங்கத் தலைவி, எதிர்வீட்டுத் தையல்காரர், ஓய்வுபெற்ற டிரைவர், ராத்திரி ஷிஃப்ட் பார்க்கும் அவன், அவன் மனைவி. வீடு வீடாக வந்து விற்பவர்களைத் தடை செய்யலாமா என்பதுதான் பேச்சு.

"பகல்ல தூங்குறவன் நான். மணி அடிச்சே கொல்றானுங்க," என்றான் அவன்.

தூக்கம் வெறும் சாக்கு. தரை துடைக்கும் மாப்பு விற்கிறவன் வாசலில் நின்று ஏதாவது சொல்வான்; இவன் மனைவி வாய்விட்டுச் சிரிப்பாள். படுத்தபடி அதைக் கேட்டு இவனுக்கு வயிறு எரியும். இவனிடம் அவள் அப்படிச் சிரித்தே வெகுகாலம் ஆயிற்று.

"மாப்புக்காரத் தம்பி மணியே அடிக்க மாட்டானே. மெதுவாத்தான் தட்டுவான்," என்றார் தையல்காரர்.

"தட்டுறது உங்க வீட்டுலயா, எங்க வீட்டுலயாண்ணே?" என்றான் அவன்.

"அப்ப விஷயம் தூக்கம் இல்லபோல," என்று டிரைவர் சிரித்தார்.

தடைக்கு முதலில் கை தூக்கியவள் அவன் மனைவிதான். அவனுக்கு மனசு குளிர்ந்துபோயிற்று.

"சரி, விக்கிறவங்க கீழ கேட் பக்கத்துலயே நிக்கட்டும். வேணுங்கிறவங்க இறங்கிப் போய் வாங்கிக்கலாம்," என்று தலைவி முடித்தாள்.

மறுநாள் காலை அவன் ஜெயித்த நிம்மதியோடு படுத்தான். தெருவில் மாப்புக்காரனின் குரல் கேட்டது. மனைவி தலை வாரி, செருப்பை மாட்டினாள்.

"எங்க கிளம்பிட்ட?"

"கீழதான். நேரமாகும். யாரும் எழுப்பாம நீங்க நல்லாத் தூங்குங்க."

கீழே கேட் அருகே பேசுவதும் சிரிப்பதும் ஐந்தாம் மாடிக்குக் கேட்காது. அவன் எழுந்து உட்காருவதற்குள் அவள் வெளியேறி, கதவைச் சாத்திப் பூட்டிவிட்டாள்.