இரு கரையிலும் கயிறு

வீட்டையும் தோட்டத்தையும் அண்ணன் தம்பி இருவரும் பிரித்துக்கொண்டார்கள். பின்னாலிருந்த கழிவுநீர்க் குட்டையை மட்டும் பிரிக்க முடியவில்லை. இரண்டு வீட்டுக் குளியலறை, சமையலறை, கழிப்பறைத் தண்ணீரும் குழாய் வழியாக அதில்தான் போய்ச் சேர்ந்தது. வெயிலும் காற்றும் பட்டுத் தானாகவே தெளியும். கரைப் புல்லை வெட்ட வேண்டும், மேலே மிதப்பதை அள்ள வேண்டும், அவ்வளவுதான். ஒரு மாதம் அண்ணன் மனைவி பெரியவள், மறுமாதம் தம்பி மனைவி சின்னவள் என்று ஏற்பாடு. அதன் தயவில் ஓரகத்திகள் இருவரும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காமல் இரண்டு வருஷம் ஓட்டிவிட்டார்கள்.

எல்லாம் பெரியவளின் வாயால் வந்த வினை. எல்லோரும் ஒரே வீடாக இருந்தபோது, சின்னவளின் தம்பி வேலை போய் மூன்று மாதம் அவர்களோடு தங்கியிருந்தான். ஒருநாள் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கையில், "இது வீடா, சத்திரமா?" என்று கேட்டுவிட்டாள். அவன் பாதித் தட்டில் எழுந்து போனான். சொன்ன மறுநொடியே நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆனால் மன்னிப்புக் கேட்க வீம்பு விடவில்லை.

இந்தக் கோடையில் கடுகளவு பச்சை இலைகள் குட்டை முழுக்கப் பாய் விரித்தாற்போல் படர்ந்தன. நாற்றம் தாங்காமல் இரண்டு வீட்டிலும் ஜன்னலைச் சாத்தினார்கள். வந்து பார்த்த குழாய்க்காரர், மருந்தெல்லாம் ஊற்றவேண்டாம், இலையை எடுத்தால் தண்ணீர் மூச்சு விடும், நாற்றம் போய்விடும் என்றார். நீளக் கட்டையின் இரு முனையிலும் கயிறு கட்டி, எதிரெதிர்க் கரையில் ஆளுக்கொருவராக இழுத்துப் போகவேண்டுமாம்.

அது பெரியவளின் மாதம். லாரி ஓட்டும் கணவன் வெளியூரில் இருந்தான். கொழுந்தனுக்குக் கையில் மாவுக்கட்டு. கட்டையைத் தண்ணீரில் போட்டுவிட்டு, ஒற்றைக் கயிற்றோடு அரைமணி நேரம் மல்லுக்கட்டினாள். அவள் விலக்க விலக்க இலை பின்னாலேயே மூடிக்கொண்டது.

வேலிக் கதவு கிறீச்சிட்டது. புருஷனின் ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு, வாத்துபோல அசைந்தசைந்து சின்னவள் வந்தாள். எதிர்க்கரைக்குப் போய் நின்று கையை நீட்டினாள். பெரியவள் மற்றக் கயிற்றை வீசினாள். மூன்றாவது வீச்சில்தான் போய்ச் சேர்ந்தது.

"மெதுவா இழுங்க. உங்க பக்கம் முந்துது."

இரண்டு வருஷத்தில் முதல் பேச்சு அதுதான். அதன்பின் நிறுத்து, இழு, தளர்த்து என்பதைத் தவிர வேறு பேச்சில்லை. மூன்றாம் முறை இழுக்கும்போது கால்கள் ஒத்துப்போயின. கட்டைக்குப் பின்னால் கறுத்த தண்ணீர் திறந்து, அதில் வெயில் விழுந்தது.

பெரியவள் நின்றாள். "உன் தம்பி எப்படி இருக்கான்?"

"வேலை கெடச்சு ஒரு வருஷம் ஆச்சு."

"அன்னைக்கு நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. தப்பு என்னோடதுதான்."

குட்டைக்குக் குறுக்கே கிசுகிசுக்க முடியாதே. மன்னிப்பைக் கத்தித்தான் கேட்க வேண்டியிருந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த கொழுந்தன், காதில் விழாதவன்போல மாவுக்கட்டைச் சொறிந்தான்.

சின்னவள் கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஞாயித்துக்கிழமை வருவான். அவன்கிட்டயே சொல்லுங்கக்கா. இப்ப இழுங்க, இலையெல்லாம் திரும்பிப் போகுது."

மூலையில் ஒதுங்கியதை இருவருமாக வாரி, கரையைவிட்டுத் தள்ளிக் காயப் போட்டார்கள். கடைசிக் கூடையின்போது சின்னவளின் கால் வெளியே வந்தது. பூட்ஸ் சேற்றிலேயே நின்றுவிட்டது. தாங்கிப் பிடிக்கப் போன பெரியவளும் சேர்ந்து கரையில் பொத்தென்று உட்கார்ந்தாள். இருவருக்கும் சிரிப்பு அடங்க நெடுநேரமாயிற்று.

பெரியவள் அவள் கன்னத்துச் சேற்றைத் துடைக்கப் போய், தன் கையைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

"கண்ணெல்லாம் உள்ள போயிருக்கே. தூங்கலையா?"

"கை வலின்னு அவர் விடிய விடிய முனகுறாரு."

"இன்னைக்கு ரெண்டு பேரும் எங்க வீட்ல சாப்பிடுங்க."

"குளிச்சிட்டா?"

"குளிச்சிட்டுத்தான்."

காற்று வந்தது. திறந்த தண்ணீரில் சிற்றலை எழுந்து எதிர்க்கரைவரை போனது.