பாலத்தில் காட்டிய கை

ஏழாம் நம்பர் பஸ் ஓட்டும் அக்காவுக்கு எதிரே இன்னொரு பஸ் வந்துவிட்டால் கை சும்மா இருக்காது. ஸ்டீயரிங்கிலிருந்து இரண்டு விரலை மட்டும் தூக்கிக் காட்டும் கஞ்சத்தனமெல்லாம் அவளிடம் கிடையாது. ஐந்து விரலையும் அகல விரித்து, உள்ளங்கையைப் பக்கத்து ஜன்னலில் அப்பிவிடுவது போல நீட்டுவாள். கூடவே பல் தெரிய ஒரு சிரிப்பு. டிப்போவில் அதற்குப் பதில் தராத டிரைவர் இல்லை. ஒருவர் முன்விளக்கைக் கண் சிமிட்ட வைப்பார். ஒருவர் நெற்றியில் விரலை வைத்து சல்யூட் அடிப்பார். எந்நேரமும் வாயில் பன்னை அடைத்துக்கொண்டு ஓட்டுகிற ஐந்தாம் நம்பர்க்காரர் புருவத்தைத் தூக்கிச் சமாளிப்பார். நாள் முழுக்க ஒரே சாலையில் போய்ப் போய் வருகிற வேலையில், அந்த அரை நொடி உறவு அவளுக்கு ஒரு மடக்குக் குளிர்ந்த தண்ணீர் மாதிரி.

புதிதாக வந்த டிரைவரிடம்தான் அது பலிக்கவில்லை.

அவர் வேறு நாட்டிலிருந்து வந்து குடியேறியவர். ஆள் வாட்டசாட்டம். முகத்தில் பாதி மீசை. அதனால் டிப்போவில் அவருக்கு 'மீசை' என்றே பேர் நிலைத்துவிட்டது. அவருக்கும் ஏழாம் நம்பர் வழிதான். அவள் மார்க்கெட்டிலிருந்து கிளம்பும்போது அவர் ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்புவார். இருவரும் சந்திக்கிற இடம் ஆற்றுப்பாலம். குறுகலான பாலம் என்பதால் இரண்டு பஸ்ஸும் உரசிக்கொள்ளாமல் ஊர்ந்துதான் கடக்க வேண்டும். அப்போது டிரைவர் ஜன்னலும் டிரைவர் ஜன்னலும் நேருக்கு நேர் வரும். கையை நீட்டினால் அடுத்தவர் மூக்கைத் தொட்டுவிடலாம்.

முதல் நாள் அவள் வழக்கம்போல ஐந்து விரலையும் விரித்துச் சிரித்தாள். மீசை அவளை ஒரு பார்வை பார்த்தார். முகவாயை வெடுக்கென்று மேலே தூக்கினார். அப்புறம் ரோட்டைப் பார்த்துக்கொண்டு போயே போய்விட்டார்.

"பாத்தீங்களா? நான் கை காட்டுறேன், அவரு மூஞ்சியைத் தூக்கிட்டுப் போறாரு," என்று அவள் முன் சீட்டில் இருந்த நர்ஸிடம் சொன்னாள். தினமும் அதே பஸ்ஸில் டியூட்டிக்குப் போகிறவள் அந்த நர்ஸ்.

"புதுசுல்லக்கா. பாலத்துல இடிச்சிடக் கூடாதேன்னு பயமா இருக்கும்," என்றாள் நர்ஸ்.

மறுநாளும் கை போனது, முகவாய் வந்தது. அதற்கு மறுநாளும் அப்படியே. பயந்தவன் முகம் அப்படி இருக்காது என்று அக்காவுக்குத் தோன்றியது. தெருவில் படுத்திருக்கும் நாயைக்கூட யாரும் அப்படிப் பார்க்க மாட்டார்கள்.

வீட்டில் வந்து கொட்டித் தீர்த்தாள். அவள் கணவர் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுகிறவர். முன்னறையில் ஒரு செருப்புக்கடைப் பலகையைச் சாய்த்து வைத்து எழுத்துக்கு நிழல் அடித்துக்கொண்டிருந்தார்.

"நான் என்ன அவரு சொத்துல பங்கா கேட்டேன்? ஒரு கை. திருப்பி ஒரு கை. அவ்வளவுதானே?"

"விட்டுத் தள்ளு. அவரு கை தூக்கலேன்னா நம்ம வீட்டு அடுப்பு எரியாதா?"

"எரியும். கூடவே என் வயிறும் எரியும்."

காலேஜில் படிக்கிற மகள் போனிலிருந்து தலையை நிமிர்த்தினாள். "பேசாம நீயும் கை காட்டாம விட்டுடேம்மா."

"அது எப்படி விடுறது? நான் விட்டா அவரு ஜெயிச்ச மாதிரி ஆயிடும்."

பிடிவாதத்தில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது என்பது அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். கணவர் தூரிகையை டப்பாவில் தோய்த்து வேலையைப் பார்த்தார்.

ஒரு நாள் காலை பாலத்தின் நடுவில் ஒரு சிமென்ட் லாரி நின்றுவிட்டது. ஏழாம் நம்பர்கள் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் நகர முடியாமல் நின்றன. இப்போது மீசை எங்கே ஓடுவார் என்று அக்காவுக்குள் ஒரு குஷி. ஹேண்ட்பிரேக்கை இழுத்துப் போட்டாள். இரண்டு கையையும் தூக்கி, பத்து விரலையும் விரித்து, அவர் முகத்துக்கு நேராக ஆட்டினாள். மனசாரச் சிரித்தாள்.

மீசையின் முகம் முதலில் வெளுத்தது. அப்புறம் சிவந்தது. வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தபடி ஜன்னல் கண்ணாடியைச் சர்ரென்று இழுத்து மூடினார். லாரி நகர்ந்ததும் அவர் பஸ் கிளம்பிய வேகத்தில் பயணிகள் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்தார்கள்.

அன்று சாயங்காலம் டிப்போ மேனேஜர் அவளைக் கூப்பிட்டு அனுப்பினார். மேனேஜர் நல்ல மனிதர். ஆனால் ஊழியர்கள் இருவர் சேர்ந்து அறைக்குள் வந்தாலே அவருக்கு வயிறு கலங்கும். மேசை இழுப்பறையில் எப்போதும் வயிற்றெரிச்சல் மாத்திரை வைத்திருப்பார். அக்கா உள்ளே போனபோது மீசை முன்பே வந்து, தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். மேனேஜர் ஒரு மாத்திரையைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"உங்க மேல ஒரு புகார் வந்திருக்கும்மா."

"என் மேலயா? நான்தானே சார் குடுக்கணும்னு இருந்தேன்."

"நீங்க இவரைத் தினமும் அசிங்கமா திட்டுறீங்களாம். இன்னைக்கு டபுளா திட்டினீங்களாம்."

"இவர்கிட்ட நான் வாயே தொறந்ததில்லையே."

"வாய் இல்லை," என்றார் மீசை. ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துப் பேசினார். "கை."

காட்டுவதற்காகத் தன் கையைத் தூக்கினார். எதிரே மேனேஜர் இருப்பதைக் கவனித்து, சட்டென்று உள்ளங்கையைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். "எங்க ஊர்ல முகத்துக்கு நேரா இப்படி அஞ்சு விரல் காட்டினா, 'உன் மூஞ்சில அசிங்கத்தைப் பூச'ன்னு அர்த்தம். ரொம்பக் கெட்ட திட்டு. ரெண்டு கை காட்டினா, ரெண்டு மடங்கு திட்டு."

அக்காவுக்குக் காதுமடல் சூடாகியது. பாலத்தில் நீட்டிய கையெல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தது.

"சிரிச்சுக்கிட்டே வேற காட்டினேனே," என்றாள், குரல் உள்ளே போக.

"அதான் பயம். கோவமா திட்டினா புரியும். நீங்க சந்தோஷமா திட்டுறீங்க. என் மனைவிகிட்ட சொன்னேன். 'நீ அவங்க காலை மிதிச்சிருப்பே, யோசிச்சுப் பாரு'ன்னா. ராத்திரி பூரா யோசிச்சேன். மிதிக்கலை."

"நீங்க மட்டும் என்னவாம்? தினமும் மூஞ்சியைத் தூக்கினீங்களே."

"அது 'வேண்டாம்'. எங்க ஊர்ல தலை மேல போனா, இல்லை, வேண்டாம். உங்க அசிங்கம் எனக்கு வேண்டாம்னு மரியாதையா சொன்னேன்."

அக்கா உதட்டைக் கடித்துப் பார்த்தாள். முடியவில்லை. முதலில் தோள் குலுங்கியது, அப்புறம் சிரிப்பு வெடித்துக் கிளம்பியது. அதைப் பார்த்து மேனேஜருக்கும் சிரிப்பு வர, வாயிலிருந்த மாத்திரை தொண்டையில் வழி மாறிப் போனது. மீசைதான் ஓடிப்போய் அவர் முதுகில் தட்டினார்.

"மன்னிச்சிடுங்கண்ணே," என்றாள் அக்கா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "இங்க அதுக்கு, 'நல்லா இருக்கீங்களா'ன்னு அர்த்தம்."

மீசை விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். "அப்போ தினமும் நலம் விசாரிச்சீங்க."

"ஆமா."

"இன்னைக்கு?"

"இன்னைக்கு ரெண்டு கையாலயும் விசாரிச்சேன்."

மீசைக்குக் கீழே ஒரு வாய் இருப்பதையும், அது நன்றாகவே சிரிக்கும் என்பதையும் அப்போதுதான் அவள் பார்த்தாள்.

இனிமேல் எப்படி வணக்கம் சொல்லிக்கொள்வது என்று மூன்று பேரும் உட்கார்ந்து ஆலோசித்தார்கள். ஹார்ன் அடிக்கலாம் என்றால் பாலத்தைத் தாண்டியதும் பள்ளிக்கூடம். கையெடுத்துக் கும்பிடலாமா என்று அக்கா கேட்க, ஸ்டீயரிங்கை யார் பிடிப்பது என்று மேனேஜர் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார். தங்கள் ஊரில் இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுப்பார்கள் என்று மீசை தரையைப் பார்த்துச் சொன்னார். "பாலத்துல அது வேண்டாம்," என்றார் மேனேஜர். கடைசியில் ஒரு கையை நெஞ்சில் வைத்துக்கொள்வது என்று முடிவானது. அது எந்த ஊரிலும் யாரையும் திட்டாது என்று மீசை உறுதி சொன்னார்.

மறுநாள் பாலத்தில் அவர் பஸ்ஸைப் பார்த்ததும் அக்காவின் கை பழைய புத்தியில் பாதி எழுந்துவிட்டது. நடுவழியில் அதைப் பிடித்து, கண்ணாடியைச் சரிசெய்வது போலப் பாவனை காட்டி, ஒருவழியாக நெஞ்சுக்குக் கொண்டுவந்தாள். மீசை முன்பே நெஞ்சில் கை வைத்துத் தயாராக இருந்தார். தலையை வேறு அவ்வளவு பணிவாகத் தாழ்த்தியதில், தொப்பி கழன்று டாஷ்போர்டில் விழுந்தது.

அடுத்த நிறுத்தத்தில் பஸ் நின்றதும் முன் சீட்டு நர்ஸ் எழுந்து வந்து அக்காவின் மணிக்கட்டைப் பிடித்தாள். "நெஞ்சு வலிக்குதாக்கா? இடது கைக்குப் பரவுதா?"

விஷயத்தைச் சொல்லி அவளை மறுபடி உட்கார வைப்பதற்குள் பின்னால் பஸ்கள் வரிசை கட்டிவிட்டன.

அந்த ஞாயிற்றுக்கிழமை மீசையையும் அவர் மனைவியையும் அக்கா வீட்டுக்கு அழைத்தாள். கன்ன முத்தத்தைப் பற்றி மகள் அப்பாவுக்கு முன்கூட்டியே வகுப்பு எடுத்திருந்தாள். அவரும் பளபளவென்று ஷேவ் செய்துகொண்டு, மடிப்புக் கலையாத சட்டையில் கதவருகே நின்றார். மீசை இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வந்தபோது மனிதர் பலகை எழுத ஏறுகிற தன் ஏணியைப் போல விறைத்துவிட்டார். வலது கன்னத்தில் ஒரு தடவை, இடது கன்னத்தில் ஒரு தடவை அந்த மீசை உரசிப் போனது. அவர் காது இரண்டும் செருப்புக்கடைப் பலகையின் சிவப்பாயின.

"கூச்சமா இருக்கு," என்று மனைவியின் காதில் கிசுகிசுத்தார். "ஆனா நல்லாத்தான் இருக்கு."

மீசையின் மனைவி குள்ளமான, சுறுசுறுப்பான பெண். ஒரு தையல் கடையில் வேலை. அக்கா ஒரு கன்னத்தைக் கொடுத்துவிட்டு, முடிந்தது என்று நினைத்து முகத்தைத் திருப்பினாள். அதே நேரம் அந்த அம்மாள் அடுத்த கன்னத்துக்கு வந்தாள். இருவர் மூக்கும் நங்கென்று மோதின. இருவரும் மூக்கைப் பிடித்துக்கொண்டு கூடத்திலேயே உட்கார்ந்து சிரித்தார்கள். அதற்கப்புறம் அங்கே யாருக்கும் கூச்சம் என்பதே இல்லை.

சாப்பிட்டார்கள். பேசினார்கள். பேச்சுக்குச் சொல் கிடைக்காத இடத்தில் கையாலும் முகத்தாலும் பேசினார்கள். எந்தக் கை எந்த ஊரில் என்ன அர்த்தம் என்று கேட்டுக் கேட்டு மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். மீசை தன் பெயரைத் தன் ஊர் எழுத்தில் எழுதிக் காட்ட, அக்காவின் கணவர் அதை ஒரு பலகைத் துண்டில் நிழலோடு எழுதிக் கொடுத்தார். கிளம்பும்போது என்ன சொல்ல வேண்டும் என்று மீசை மகளிடம் ரகசியமாகக் கேட்டு வைத்துக்கொண்டார்.

வெயில் இறங்கியதும் இருவரும் எழுந்தார்கள். செருப்பை மாட்டிக்கொண்டார்கள். மீசை நெஞ்சில் கை வைத்து, திருத்தமாக, "வரோம்," என்றார்.

அக்காவின் கணவருக்குப் பூரிப்புத் தாங்கவில்லை. "வாங்க, வாங்க," என்றார்.

மீசை மனைவியைப் பார்த்தார். மனைவி அவரைப் பார்த்தாள். இவ்வளவு அன்பாகக் கூப்பிடும்போது எப்படி மறுப்பது என்று அவர்கள் மொழியில் ஏதோ பேசிக்கொண்டார்கள். இருவரும் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, மறுபடி உள்ளே வந்து, பழைய இடத்திலேயே உட்கார்ந்தார்கள்.

மகள் வாயைப் பொத்திக்கொண்டு அறைக்குள் ஓடினாள். கணவர் திகைத்து நின்றார்.

"சொல்லிடட்டுமா?" என்று மெல்லக் கேட்டார்.

"சும்மா இருங்க. அந்த நல்ல கப்பையெல்லாம் எடுங்க," என்று சொல்லிவிட்டு அக்கா காப்பிக்குத் தண்ணீர் வைக்கப் போனாள்.