நாற்பத்தேழாம் எண் கல்

அந்த விடுதியில் எந்தச் சாமானும் தன் வேலையைச் செய்யவில்லை. தையல் மெஷின்மேல் கை கழுவும் தொட்டி. பால் கேனுக்குள் குடைகள். டைப்ரைட்டர் உணவுப் பட்டியலைக் கவ்விக்கொண்டு நின்றது, ரயில் லாந்தருக்குள் செடி வளர்ந்தது. சுவரில் ஏழு கடிகாரங்கள் ஏழு நேரம் காட்டின. போதாததற்கு வாசலில் 'மனம் மயக்கும் தண்டவாள ஓர விடுதி' என்று பலகை வேறு. மூன்று நாளாக வாசனை மெழுகுவத்திப் புகையை உள்ளே இழுத்த சர்வேயருக்கு மயக்கம் வந்தது என்னவோ உண்மைதான்.

அவர் ரயில்வே சர்வேயர். இருபத்திரண்டு வருஷம் வெயிலில் நின்று நிலம் அளந்தவர். அந்தச் சிற்றூரில் தங்க வேறு இடம் இல்லாததால் இந்தப் பழைய சாமான் கடையில் வந்து மாட்டிக்கொண்டார்.

இருக்கிற தண்டவாளத்துக்குப் பக்கத்தில் இன்னொன்று போட வேண்டும். விடுதிப் பக்கம் ரயில்வேக்கு நிலம் உண்டு என்கிறது பழைய பதிவேடு. ஆனால் எல்லை சரியாக விடுதியின் பின்புறத்தில் வளைகிறது. அந்த வளைவில் இருக்க வேண்டியது நாற்பத்தேழாம் எண் எல்லைக்கல். நாற்பத்தாறு இருந்தது, நாற்பத்தெட்டு இருந்தது, நாற்பத்தேழை மட்டும் காணோம். வரைபடத்தில் பார்க்கலாமென்றால் அந்த மூலையைச் செல்லரித்திருந்தது. கல் கிடைக்காவிட்டால் எல்லையை நிரூபிக்க முடியாது, புதுப் பாதை எதிர்ப்பக்கம் போய்விடும். எதிர்ப்பக்கத்தில் பழைய லைன்மேன்கள் குடியிருக்கும் ஆறு ஓட்டு வீடுகள். அவர்களுக்கு வேறு போக்கிடம் கிடையாது. நேற்று முழுக்க அவருக்கு டேப் பிடித்துக்கொடுத்த கிழவர் ஒரே ஒரு தடவைதான் கேட்டார்: "எங்க வீடு தப்பிச்சிடுமா சார்?" இன்று சாயங்காலத்துக்குள் அறிக்கை போக வேண்டும்.

காலையில் பின்பக்கத்துச் சாப்பாட்டுக் கூடத்தில், ஆறிப்போன ஆம்லெட்டோடு அவர் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது விடுதிக்காரம்மா வந்து எதிரில் உட்கார்ந்தார். வந்த நாளிலிருந்து அவர் என்ன வேலை பார்க்கிறார் என்று அந்தம்மா கேட்டதேயில்லை. கேட்டால் பதில் வரும், பதில் வந்தால் தன் பேச்சு நின்றுபோகும் என்ற பயம்போல. அவருடைய அளவுக் கருவி நிற்கும் முக்காலியைப் பார்த்துப் படம் பிடிக்கிற ஆள் என்று தானாகவே முடிவு கட்டிவிட்டார்.

"படமெல்லாம் நல்லா வந்துச்சா சார்? இங்க எப்படி எடுத்தாலும் அழகா வரும். எல்லாம் எங்க மாப்பிள்ளை யோசனை. கண்ணாடி வழியா ரயில் தெரியுது பாருங்க. அந்தப் பக்கம் இருக்கிற வீடுங்கதான் கண்ண உறுத்துது. எந்நேரமும் கொடியில துணி. யாராச்சும் இடிச்சுத் தள்ளினா புண்ணியமாப் போகும்."

சர்வேயர் ஆம்லெட்டை மென்றார். அது இந்தப் பேச்சைவிடப் பரவாயில்லை.

"கெளம்புறதுக்குள்ள நம்ம கல்லுல உட்கார்ந்து ஒரு படம் எடுத்துக்குங்க. வர்றவங்க எல்லாரும் எடுத்துக்குவாங்க."

கூடத்து வாசலோரம் நீலப் பெயிண்ட் அடித்து, மேலே மெத்தை போட்ட அந்த இருக்கையை அவர் திரும்பிப் பார்த்தார். மூன்று நாளாகத் தினமும் அதில் உட்கார்ந்துதான் பூட்ஸ் மாட்டியிருக்கிறார்.

"அது கல்லாம்மா?"

"பின்ன? இந்தக் கூடத்துக்கு அஸ்திவாரம் தோண்டறப்ப கெடச்சது. எந்தக் காலத்துக் கல்லோ! ஆள் வச்சு ஒடைக்கச் சொன்னேன். மாப்பிள்ளைதான், 'அத்தே, இது கலைப்பொருள், விடாதீங்க'ன்னாரு. தோண்டின அன்னிக்கே படமும் எடுத்தாரு."

அந்தம்மா சுவரிலிருந்து ஒரு சட்டத்தைக் கழற்றிக்கொண்டு வந்தார். படத்தில் மண்ணில் பாதி புதைந்த கல், அதன்மேல் கால் வைத்துச் சிரிக்கும் மாப்பிள்ளை, பின்னால் இன்றும் இருக்கிற தண்ணீர்த் தொட்டி. மூளையை அடகு வைத்துவிட்டுக் காமிராவை மட்டும் தூக்கிக்கொண்டு திரிகிற ஒருவனால்தான் இவ்வளவு துல்லியமாகச் சாட்சி தயாரிக்க முடியும். அந்த மூளைக்கு, மூன்று நாளாகக் கல்மேலேயே உட்கார்ந்திருந்த தன் மூளையும் ஒன்றும் குறைச்சல் இல்லை என்று நினைத்தபோது சர்வேயருக்குக் காது சிவந்தது.

"சரியா எந்த இடத்துல இருந்துச்சும்மா?"

"இதோ, இந்த மேசைக்கு அடியிலதான்."

அவர் எழுந்து போய் மெத்தையை அகற்றினார். சாவியால் சுரண்டினார். நீலத்துக்கு அடியில் ஒரு நான்கும் அதன் பக்கத்தில் ஒரு ஏழும் வந்தன.

"ஐயையோ, பெயிண்ட் போகுதே சார்!"

"நான் ரயில்வே சர்வேயரும்மா. இது எல்லைக்கல். உங்க மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கிற கூடம் மொத்தமும் ரயில்வே நிலம். புதுப் பாதை இது வழியாத்தான் வரும்."

முதல்முறையாக அந்தம்மாவின் வாய் மூடியது. முகம் வெளுத்தது. பாவம், கைக்காசைப் போட்டுக் கட்டியிருக்கிறார், தெரியாமல்தான் செய்திருக்கிறார் என்று சர்வேயருக்கு மனம் ஒரு கணம் இளகியது. நிஜமாகவே இளகியது. ஆறுதலாக ஏதாவது சொல்லலாமென்று வாயைத் திறந்தார்.

அந்தம்மா முந்திக்கொண்டார். "சார், கல்லு கெடைக்கலன்னே எழுதிடுங்களேன். அந்தப் பக்கந்தான் அவ்வளவு எடம் கெடக்கே!"

"அங்க ஆளுங்க குடியிருக்காங்கம்மா."

"அதுங்களுக்கென்ன சார், எங்கயாச்சும் போயி ஒண்டிக்கும். இது எவ்வளவு அழகான எடம்!"

சர்வேயர் திறந்த வாயை மூடிக்கொண்டார். கண்ணாடிக்கு அப்பால், தண்டவாளத்தைத் தாண்டி, டேப் பிடித்த கிழவர் கொடியில் வேட்டியை உதறிப் போட்டுக்கொண்டிருந்தார். சர்வேயர் அந்தச் சட்டத்தை வாங்கிப் பைக்குள் வைத்தார். அதிலிருந்து குறி போடும் சிவப்புப் பெயிண்ட் டப்பாவை எடுத்துத் திறந்தார்.

"மேசைய அந்தாண்ட தள்ளச் சொல்லுங்கம்மா," என்றார். "தரையில குறி போடணும்."