பூமத்திய ரேகை வரை

அப்பாவின் உடலைக் கிடத்த ஹாலில் இடம் போதவில்லை. தரையில் கிடந்த கற்களை ஷ்யாமளா ஒவ்வொன்றாகத் தூக்கிப் பால்கனிக்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தாள்.

"திரும்ப இது ஒண்ணும் உள்ளே வரப்படாது," என்றாள் அம்மா வாலாம்பாள்.

அப்பா பஞ்சாபகேசன் கல்லூரியில் நிலவியல் கற்பித்தவர். சிம்லா மலைச்சரிவிலிருந்து இந்த மாதுங்கா வீடு வரை அவர் சுமந்து வந்த கற்கள் அவை. கீறல்களைத் தடவிக் காட்டி, பனிப்பாறை இழுத்த தடம் என்பார். அறுபது கோடி வருஷத்துக்கு முன்னால் பூமி பூமத்திய ரேகை வரை உறைந்து கிடந்தது என்பது அவர் கட்சி. ஸ்டாஃப் ரூமில் அவருக்கு ஐஸ்கட்டி என்று பெயர். ரிட்டயரான பிறகு மூன்று வருஷம் உட்கார்ந்து கட்டுரை எழுதினார். கண்ணில் புரை. அவர் சொல்லச் சொல்ல ஷ்யாமளாதான் டைப் அடித்து லண்டன் பத்திரிகை ஒன்றுக்கு அனுப்பினாள்.

செவ்வாய்க்கிழமை பதில் வந்தபோது அவருக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்திருந்தது. அவள் கவரைப் பிரித்தாள். கீறல்கள் மண்சரிவில் விழுந்திருக்கலாம், வெப்ப மண்டலத்தில் பனிக்கு வழியே இல்லை, வருந்துகிறோம். நாலே வரி.

"என்னம்மா எழுதியிருக்கான்?"

"போடறாளாம்பா. அடுத்த வருஷம் முதல் இதழ்லே."

அவர் தலையணையில் நிமிர்ந்து உட்காரப் பார்த்தார். பிறகு, "ஆதியிலே இந்தக் காத்தே கிடையாது, தெரியுமோ? நாம சுவாசிக்கற காத்து அப்புறமாத்தான் கொஞ்சம் கொஞ்சமா சேர்ந்தது. அதையும் எழுதணும். பேப்பர் எடு," என்றார். ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு வாங்கியது. நடுநடுவே கடிதத்தை மறுபடி படிக்கச் சொல்வார். படிக்கும்போதெல்லாம் அவள் ஒரு பாராட்டு வரி கூட்டினாள். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு மூச்சு நின்றது.

அவரோடு இருபது வருஷம் வேலை பார்த்த சங்கரன் வந்தபோது பாடை கட்டி முடிந்திருந்தது. அவளை மாடிப்படிக்குக் கூப்பிட்டார்.

"அந்த லெட்டரைக் குடு, ஷ்யாமளா. நாளைக்குக் காலேஜ்லே இரங்கல் கூட்டம். நான் வாசிக்கணும். சிரிச்சவா எல்லாரும் கேக்கட்டும்."

"தேடணும் மாமா."

"தேடு. நிக்கறேன்."

அவள் படியின் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "வேண்டான்னு எழுதிட்டா மாமா. அப்பாகிட்டே நான்தான் மாத்திச் சொன்னேன்."

அவர் முகம் சிவந்து, பிறகு வெளுத்தது.

"இருபது வருஷம் நானும் உள்ளுக்குள்ளே சிரிச்சிருக்கேன். முந்தாநாள் அவர் கையைப் பிடிச்சுண்டு மன்னிப்புக் கேட்டேன். லெட்டர் வந்துடுத்துன்னு அவர் சொன்னதும், அவர் கட்சிதான் சரின்னு நினைச்சேன்." மேல்துண்டால் முகத்தைத் துடைத்தார். "ஏன்டி என்கிட்டே சொன்னே?"



உள்ளேயிருந்து தூக்க ஆள் கூப்பிட்டார்கள். சங்கரன் மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு உள்ளே போனார். முன்பக்கம் தோள் கொடுத்தவர் அவர்தான். அவளைக் கடந்து இறங்கும்போது நிமிர்ந்து பார்க்கவில்லை.

பாடை தெருமுனை தாண்டியதும் பெண்கள் வீட்டை அலம்பிவிட்டார்கள். ஷ்யாமளா வாளி வாளியாகக் கொட்டினாள். தண்ணீர் வாசலைத் தாண்டிப் படிகளில் இறங்கியது. கீழ்வீட்டு மாமி, கையில் காப்பிக் கூஜாவோடு, புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்தபடி, அது வடியட்டும் என்று பாதிப் படியில் நின்றாள்.